முப்பத்தெட்டாம் நம்பர் அடுப்பு

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு கிடக்கிறது. கறுப்புப் பெயின்டில் 38 என்று எழுதியிருக்கும். இரண்டு ஓரத்திலும் ஆணித் துளைகள். ஒன்று வட்டமாக இருக்கும். இன்னொன்று கிழிந்து கிடக்கும். கிழித்தது நான்தான். ஒரு வீட்டு நிலையில் நானே அடித்து, சில நாள் கழித்து நானே சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பி எடுத்த நம்பர் அது. கூடவே ஒரு துணித்துண்டில் முடிந்த இரண்டு ஆணிகள். முப்பது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்ததைப் போன வாரம் வெளியே எடுக்க வேண்டி வந்தது. எங்கள் வாசலில் வந்து நின்ற ஒரு பெண்தான் காரணம்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. மீன் விற்கிறவர் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டினால் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். போனில் யாராவது 'வாழ்த்துகள் மேடம்' என்று ஆரம்பித்தால் அவனுடைய அம்மா பெயரைக் கேட்பேன். "அத்த, நீங்க போலீசுல சேந்திருக்கணும் லா" என்று மருமகள் சிரிப்பாள். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. காலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் போய் முடிந்தால் தெருவில் என்னைப் போன்ற கிழங்களும் நாய்களும்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, ஒரு சிலேட்டு மாதிரிக் கருவியோடு. வீடுகளைக் கணக்கெடுக்கிறாளாம். தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் கேட்டைத் திறக்கவில்லை. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். யார் அனுப்பினது, எதற்கு, பக்கத்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்று குடைந்தேன். அவளுடைய மோட்டார் நம்பரைப் போனில் படம் எடுத்தேன். அவள் கோபப்படவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தவள் நான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. நகரத்தின் ஓரத்தில், ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு குட்டைக்கும் மலைக்கும் நடுவே ஒரு புறம்போக்குக் குடியிருப்பு இருந்தது. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோனபோது வெளியேறிய நம் சனங்கள், யாரையும் கேட்காமல் பலகையும் தகரமும் கொண்டு கட்டிக்கொண்ட வீடுகள். அந்த நிலத்தில் சாலை வரப்போகிறது, குடும்பத்துக்கு ஒரு மலிவு விலை வீடு கொடுத்து எல்லோரையும் அப்புறப்படுத்துவது என்று ஏற்பாடு. எது குடும்பம்? அதைச் சொல்லத்தான் நான். ஒவ்வொரு வீடாகப் போய், வரைபடத்தில் குறித்து, நிலையில் நம்பர் தகடு அடித்து வரவேண்டும். தகடு இருந்தால் வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் இடிக்கிற அன்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆம்பளைகள் அத்தனை பேர் இருக்க என்னை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. ஒரு கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம் என்பதை அடுப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். ஆம்பளை அடுப்படிக்குள் நுழைந்தால் சண்டை வரும். பெண் நுழைந்தால் கோப்பி கொடுப்பார்கள்.

"ஜாக்கிரதையா இரு. நீ ஒரு வீட்டை எழுதிட்டுத் திரும்புறதுக்குள்ள நடுவுல பலகை அடிச்சு ரெண்டு வீடு ஆக்கிடுவாங்க" என்றார் எங்கள் துவான். மேலதிகாரியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். நான் சிரித்தேன். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே, நம் ஆட்களின் தந்திரம் எனக்குத் தெரியாதா? பாம்பின் கால் பாம்பறியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தது. அளவுகோலை வைத்து நான் போட்ட முதல் நாள் வரைபடத்தை இரண்டாம் நாள் கிழிக்க வேண்டியதாயிற்று. ஒரு சந்தும் நேராகப் போகவில்லை. நாலு வீட்டுக்கு ஒரு திருப்பம், திருப்பத்தில் ஒரு குழாயடி, குழாயடிக்குப் பின்னால் இன்னொரு சந்து. மாரியம்மன் கோயிலை இடது பக்கம் விட்டுப் போனவள், பத்து நிமிஷத்தில் அதே கோயிலின் பின்சுவரில் வந்து முட்டினேன். என்னைக் குழப்புவதற்கென்றே இப்படிக் கட்டியிருக்கிறார்களோ என்று முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. வீடுகளும் விசித்திரம்தான். ஒரு சந்தில் நுழைந்து ஒரு வாசலைப் பார்ப்பேன். அடுத்த சந்தில் இன்னொரு வாசல். உற்றுப் பார்த்தால் இரண்டுக்கும் மேலே ஒரே கூரை. இது அதே வீட்டின் புழக்கடையா, வேறு வீடா என்று ஒவ்வொரு தடவையும் தடுமாறினேன்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவரை அங்கே எல்லோரும் மண்டோர் என்றார்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர்; தோட்டம் போய், வேலை போய், பல்லும் பாதி போன பிறகும் மண்டோர்தான். புதிதாக வருகிற குடும்பத்துக்குக் காலடியால் அளந்து இடம் காட்டியது அவர்தான் என்றார்கள். சந்து ஏன் கோணிக்கொண்டு போகிறது என்று நான் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசலுக்கு நேரா வாசல் வெக்கக்கூடாதும்மா. தெனம் மூஞ்சியில முழிச்சா சண்ட வரும். ஒன்னு தள்ளி ஒன்னு வெச்சா சந்து வளையத்தான செய்யும்?"

"சரி, ஏன் இவ்ளோ ஒடுக்கமா விட்டீங்க?"

"நாலு பேரு தூக்குற பெட்டி போகணும். லோரி போகக்கூடாது. அதான் அளவு." பிறகு ஒரு சிரிப்போடு, "நீ எந்தத் தோட்டம் கிராணியம்மா?" என்றார்.

கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர், துரையின் ஆள். அந்தப் பெயர் அன்றே எனக்கு ஒட்டிக்கொண்டது. நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன், அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கோப்பி மட்டும் எல்லா வீட்டிலும் கிடைத்தது.

என் சந்தேகம் முதல் வாரமே ஜெயித்தது. ஏற்கெனவே நான் எழுதியிருந்த இருபத்தொன்றாம் நம்பர் வீட்டின் பின்பாதியை மண்டோர் தனிக் குடும்பம் என்று காட்டினார். உள்ளே நுழைந்ததும் புதுப் பலகை வாசனை அடித்தது. நடுத் தடுப்பில் ஆணித் தலைகள் பளபளத்தன. மூன்று கல் வைத்த அடுப்பு இருந்தது. கல்லில் ஒரு பொட்டுக் கரியில்லை. நான் குனிந்து கல்லைத் தொட்டு, சுத்தமான விரலை மண்டோரிடம் காட்டினேன். அவர் மலையைப் பார்த்தார். "நல்லா இருக்கு மண்டோரே, நேத்து ராத்திரிதான் குடும்பம் நடத்த ஆரம்பிச்சாங்களா?" என்றேன். கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அலுவலகத்தில் துவான் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றிலிருந்து மண்டோர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்பைத் தொடுவேன். சூடு இருக்க வேண்டும், கரி இருக்க வேண்டும், சாம்பல் இருக்க வேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை நான் ஒருத்திதான் கடைப்பிடிக்கிறேன் என்று நினைப்பு.

முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஒரே கூரையின் இரண்டு பாதிகள். முன்பாதியில் வாய்நீளமான ஓர் அக்கா, புருஷன், நான்கு பிள்ளைகள். பின்பாதி நான் முதலில் போன அன்று பூட்டிக் கிடந்தது. "புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. பாகான் செராய்ல அவரு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காங்க. வந்துருவாங்க, எழுதிக்கம்மா" என்றார் மண்டோர். இருபத்தொன்றாம் நம்பர் விவகாரம் நடப்பதற்கு முந்தின நாள் அது. அதனால் நம்பி, 38 என்ற தகட்டை நிலையில் அடித்தேன். மறுநாள் மண்டோர் பிடிபட்ட பிறகு அந்தத் தகடு என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுபடி போனபோது பின்வீட்டு அக்கா இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. நெற்றியில் பழைய ஐம்பது காசு அகலத்துக்குக் குங்குமம். வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு இவ்வளவு பெரிய பொட்டு எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியது. நான் வழக்கம் போல நேராக அடுப்படிக்குப் போனேன். விறகடுப்பு, கரி படிந்து பழகின அடுப்புதான். ஆனால் சாம்பலை வழித்துத் துடைத்து மெழுகியிருந்தது. தொட்டேன். தரை மாதிரிச் சில்லென்று இருந்தது. அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

"அண்ணன் எங்கக்கா?"

"வேலைக்குப் போயிருக்காரும்மா."

"மோட்டாரு இங்கதான நிக்கிது?" கூடத்து ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிய மோட்டாரைக் காட்டினேன்.

"லோரி வந்து ஏத்திட்டுப் போச்சு லா." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் நான் தவறவில்லை. அது பொய்தான்.

மூன்று நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானம் சமைக்கிற நேரம் பார்த்துப் போனேன். அடுப்பு அன்றும் சில்லென்று கிடந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே நடுத் தடுப்பில் ஒரு பலகை விலகி, முன்வீட்டு அக்காவின் கை டிபன் கேரியரோடு நீண்டது. என்னைக் கண்டதும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உள்ளே ஒரே குதூகலம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். என்னோடு வந்திருந்த மண்டோரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"சோறு அங்கிட்டு, படுக்க இங்கிட்டுன்னா ஒரே குடும்பந்தானக்கா?"

"இல்லம்மா. தனி வீடுதான். ஏழு வருஷமா தனியாத்தான் இருக்கோம். எழுதிக்கம்மா."

"அப்ப ஏன் அடுப்பு எரியல?"

அவள் கேரியரை வாங்கி அடுப்போரம் வைத்தாள்.

"அண்ணன் எப்ப வருவாரு?"

"வருவாரும்மா."

"எப்பக்கா?"

"வேல முடிஞ்சதும்."

"தனி வீடுதாம்மா, நம்பு" என்றார் மண்டோர். அவர் நம்பச் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே வந்து, சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, தகட்டை நெம்பினேன். ஒரு பக்கம் சுலபமாக வந்தது; மறுபக்கம் கிழிந்துகொண்டு வந்தது. ஆணி இரண்டும் தெறித்தன. ஒன்று சாக்கடை ஓரத்தில் விழுந்தது. நான் காகிதத்தில் முப்பத்தெட்டை அடித்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா குனிந்து தேடினாள். இரண்டையும் எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் கொடுத்தாள். "இந்தாம்மா, ஆபீஸ் சாமான். அப்பறம் ஒன்னத் திட்டப் போறாங்க" என்றாள். இதுகூட என்னை இளக்க வைப்பதற்கான நடிப்புதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். நினைத்தேன் என்பதை எழுதுவதற்குக்கூட இப்போது கை கூசுகிறது.

பட்டியல் மேலே போய்விட்டது. அடுத்த வாரம், ஒரு சந்தின் வளைவைச் சரி பார்க்க மறுபடி அங்கே போனேன். தூரத்திலிருந்தே பின்வீட்டுக் கூரைக்கு மேலே புகை தெரிந்தது. ஓஹோ, நம்பர் போனதும் இப்போது அடுப்பு மூட்டி வித்தை காட்டுகிறாளா என்று நான் வேகமாக நடந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் அடுப்புக்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. கையில் வளையல் இல்லை.

பின்னால் முன்வீட்டு அக்கா வந்து நின்றாள். "நேத்துதான் பதினாறு முடிஞ்சுச்சு. பாத்துக்க, நல்லாப் பாத்துக்க. எழவு வீட்டுல பதினாறு முடியாம அடுப்பு மூட்டுவாங்களா? பக்கத்து வீட்டுல இருந்துதான சோறு போகும்? நீ தமிழ் வீட்டுல பொறந்தவதான? அடுப்ப அந்தத் தடவு தடவுனியே, இதுகூட ஒனக்குத் தெரியலயா?" என்று கத்தினாள். அவள் கத்தியதில் ஒரு சொல்லும் தப்பில்லை. எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். என் சித்தப்பா இறந்தபோது நானே டிபன் கேரியர் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். இரண்டு தடவை அந்த அடுப்பைத் தொட்டேன். இரண்டு தடவையும் என் விரல் சொன்னதை என் மண்டை வேறு மாதிரிப் படித்துக்கொண்டது.

நடந்தது இதுதான். பாகான் செராயில் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் அவளுடைய புருஷனுக்கு மாரடைப்பு வந்து போய்விட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்தது. மண்டோர் அளந்து விட்ட சந்து வழியாக அவருடைய சவப்பெட்டி வரவே இல்லை. அதனால் வெளியாளான எனக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சந்து முழுவதுக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைத்தார்கள்.

"ஏன் மறச்சீங்க?" என்று மண்டோரிடம் கேட்டேன்.

"நாந்தான் சொல்லவேணாம்னேன்" என்றார் அவர். "தோட்டத்துல வீடு ஆருக்கு? வேல செய்யிறவனுக்கு. புருஷன் செத்தா, பொண்டாட்டிக்குப் பேரு பதிவு இல்லன்னா, லயத்து வீட்டக் காலி பண்ணுன்னு கிராணி வந்து நிப்பான். எத்தன பேரு மூட்டையோட ரோட்டுக்கு வந்தத நான் பாத்துருக்கேன். அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் நான் இங்க எடம் காட்டுனேன். நீயும் கிராணிதான? ஒங்க ஆபீசு வேற மாதிரின்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எங்கள் விதியில் புருஷன் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. விதவை ஒருத்தி தனி அடுப்பு வைத்திருந்தால் அவளும் ஒரு குடும்பம்தான். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே எழுதியிருப்பேன். நான் ஒரே ஒரு தடவை, அதிகாரமாக இல்லாமல், 'என்னக்கா ஆச்சு?' என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவர்கள் மறைத்தது ஒரு சாவை. நான் கண்டுபிடித்தது ஒரு கள்ள வீட்டை. நாங்களும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் அண்ணன் படிப்புக்காக எங்கள் அப்பா தானாகக் கிளம்பி வந்தார். எங்களை யாரும் துரத்தவில்லை. துரத்தப்பட்டவர்களின் பயம் எனக்குக் காதால் கேட்ட சேதிதான்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன். அதுவரை என் கண்ணில் படாதது அப்போது பட்டது. கோணல் சந்துகளை மறந்துவிட்டுக் கூரைகளை மட்டும் பார்த்தால், எல்லாம் இரண்டிரண்டு வீடுகள், முதுகோடு முதுகாக, நடுவில் ஒரே சுவர். நான் பிறந்து வளர்ந்த லயத்து வீடும் அப்படித்தான் இருந்தது. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் வேறொரு குடும்பம். அவர்கள் வீட்டு ரசம் எங்கள் வீட்டில் மணக்கும். தோட்டம் கையை விட்டுப் போன பிறகும் அவர்கள் தெரிந்த மாதிரியே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாறுமாறு என்று நான் நினைத்தது என் சொந்த வீட்டின் வடிவம். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று துவானிடம் சிரித்துவிட்டுப் போனவளாம் நான்.

துவானுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இந்த இடம்தான் எனக்கு இன்றும் உறங்கவிடாத இடம். மலாயில் இரண்டு வரி. 'முப்பத்தெட்டாம் எண் குறித்துப் புதிய தகவல் கிடைத்துள்ளது, மறுபரிசீலனை செய்யவும்.' அவர் படித்துவிட்டு, பட்டியல் போய்விட்டது, ஒன்றைத் திறந்தால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்றார். "நீ சுத்தமா செஞ்ச வேல. ஏன் நீயே கெடுத்துக்கிற?" என்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம்தான் வரவிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். புதிய தகவல் என்று எழுதினேனே தவிர, நான் தப்புச் செய்துவிட்டேன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் திறந்திருப்பாரா? தெரியாது. எழுதாமல் விட்டது மறதியா, பயமா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், அந்தக் கேள்வியில் என்னைத்தான் அதிகம் சந்தேகப்படுகிறேன்.

இடித்த அன்று நான் போகவில்லை. முன்வீட்டுக் குடும்பத்துக்கு அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடி கிடைத்தது. அந்த அக்கா தன்னுடைய ஆறு பேரோடு பின்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் ஒரு சேலையைக் கட்டித் தடுத்து, அதற்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக் கொடுத்தாளாம். சில மாதம் கழித்துப் பின்வீட்டு அக்கா லூமுட் பக்கம் மீன் காயப்போடுகிற வேலைக்குப் போய்விட்டதாக மண்டோர் சொன்னார். மண்டோர் என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் அதே அடுக்கு வீட்டில்தான் இறந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியைத் திருப்ப முடியவில்லை. சுவரில் இடித்து, தூக்கி, சாய்த்து, கீழே கொண்டுவருவதற்குள் தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. படித்தவர்கள் போட்ட வரைபடம் அது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் தூக்குகிற பெட்டி போகணும் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. பங்கோர் தீவுக்குப் போகும்போதெல்லாம் லூமுட் படகுத்துறையில் என் கண் தானாகப் பெண்கள் முகத்தில் மேயும். ஒரு தடவை ஒருத்தியைப் பார்த்து நின்றுவிட்டேன். அவளா இல்லையா என்று போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

இனி போன வாரத்துக் கேள்வி. கேட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பெண் கருவியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஆன்ட்டி, இந்த வீட்டுல எத்தன குடும்பம்?"

மகனுக்குக் கல்யாணமான வருஷம் வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டினோம். ஓர் அறை, சின்ன அடுப்படி, பின்சந்துக்குத் திறக்கிற ஒரு கதவு. நான் அங்கே இருக்கிறேன். சண்டையெல்லாம் இல்லை. என் நேரத்துக்கு என் காரம், அவர்கள் நேரத்துக்கு அவர்கள் காரம். முன்பாதியில் அவர்கள், பின்பாதியில் நான், நடுவில் ஒரே சுவர். அன்று எனக்கு இருமல். மருமகள் காலையிலேயே கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். என் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை.

"ரெண்டு" என்றேன். சொன்னதும் படபடவென்று வந்தது. யாரோ என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டது போல அடுக்க ஆரம்பித்தேன். "பின்னால தனி அடுப்பு இருக்கு. இன்னிக்கு எரியல, எனக்கு ஒடம்பு சரியில்ல, அதான். வேணும்னா உள்ள வந்து பாரு. தொட்டுப் பாரு" என்று கேட்டைத் திறக்கப் போனேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "வேணாம் ஆன்ட்டி, நீங்க சொன்னா போதும் லா." இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் பதிவாகிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் நல்லவளா, இல்லை உள்ளே வரச் சோம்பல்பட்டவளா? எனக்கு இன்னும் சந்தேகம்தான். இந்தப் புத்தி என்னை எரித்தால்தான் போகும். ஆனால் 'நீங்க சொன்னா போதும்' என்பது எவ்வளவு சின்னச் சொல். ஏழு வருஷமாகத் தனியாக இருக்கிறோம் என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அதைச் சொன்னதற்குப் பதிலாக நான் அவள் நிலையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

உள்ளே போய்ச் சேலைகளை விலக்கித் தகட்டை எடுத்தேன். பின்கதவு நிலையில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது, ஆனால் அது என் நம்பர் இல்லை. துணித்துண்டை அவிழ்த்து ஆணிகளைத் தடவினேன். இத்தனை வருஷத்தில் ஒரு பொட்டுத் துருகூட ஏறவில்லை. அவ்வப்போது நான் எண்ணெய் தொட்டு வைக்கிறேன். அந்த அக்கா சாக்கடையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்த ஆபீஸ் சாமான். திருப்பிக் கொடுக்க வேண்டியது ஆபீசுக்கு இல்லை.